தின்றதா, பட்டினியா? சேலத்துச் சிக்லிட் தொட்டி ஒன்றில் மூன்று முறை போன செடிகள்

அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கல்லும் மணலும் போக 210 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள் 24: எல்லோ லேப் 10, ரெட் ஜீப்ரா 7, சோகோலோஃபி 7. மணிக்கு 1,200 லிட்டர் தள்ளும் கேனிஸ்டர் ஃபில்டர், 36 வாட் எல்இடி விளக்கு, தினமும் 10 மணி நேர வெளிச்சம். இந்தத் தொட்டியில் ஐந்து மாதத்தில் மூன்று தடவை செடி வைத்தார்கள், மூன்று தடவையும் போயிற்று. வீட்டார் மூன்றுக்கும் மீனையே குற்றம் சொன்னார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மீன் வாய்க்குள் உண்மையில் போனது முதல் தடவை வைத்ததில் பாதிதான். மற்றதெல்லாம் தண்ணீராலும் உரத்தாலும் கட்டிய நூலாலும் போனவை.

முதல் தடவை வைத்தவை அமேசான் ஸ்வோர்ட் 4, கபோம்பா 6 கட்டு, வாட்டர் விஸ்டீரியா 5. ஒன்பதாம் நாள் தொட்டி ஆடு மேய்ந்த கொல்லை மாதிரி ஆகிவிட்டது. ஸ்வோர்டையும் விஸ்டீரியாவையும் மீன் தின்றது நிஜம். எம்புனா என்னும் இந்தப் பாறை மீன்கள் ஏரியில் பெரும்பாலும் பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை. மென்மையான பச்சை இலை கண்ணில் பட்டால் அவற்றுக்கு அது சாப்பாட்டுத் தட்டு. கபோம்பா கதை வேறு. அதன் தண்டுகள் அடியில் கூழாகி, ஊசி இலைகள் உதிர்ந்து ஃபில்டர் வாயில் அடைத்திருந்தன. கடினம் குறைந்த மென்னீரில் வளரும் செடி அது. அந்தத் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்காது.

இரண்டாம் தடவை, யாரோ சொன்ன சரியான பட்டியல்: வாலிஸ்னேரியா 30, அனுபியாஸ் நானா 5, ஜாவா ஃபெர்ன் 4. பட்டியலில் குறையே இல்லை. வாலிஸ்னேரியா மலாவி ஏரியிலேயே வளரும் செடி. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இலை தோல் போலத் தடித்தது, கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருப்பதால் வாயில் உறுத்தும். ஜாவா ஃபெர்ன் தென்கிழக்கு ஆசியச் செடி, அதையும் பெரும்பாலான மீன்கள் கடித்துப் பார்த்துத் துப்பிவிடும். ஆனாலும் வாலிஸ்னேரியா ஒரே வாரத்தில் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்தது. அனுபியாஸ் ஒரு மாதம் கழித்துக் கல்லை விட்டுக் கழன்று மிதந்தது, இலையெல்லாம் ஓட்டை.

மூன்றாம் தடவை மணலுக்குள் உரம் புதைத்தார்கள். அந்த வாரம் நான்கு மீன் செத்தது.

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்

வீட்டுக் குழாயில் வருவது போர் தண்ணீர். அளந்தபோது டிடிஎஸ் (கரைந்த உப்பு) லிட்டருக்கு 1,150 மில்லிகிராம், ஜிஹெச் (மொத்தக் கடினம்) 32 டிகிரி, கேஹெச் (பைகார்பனேட் அளவு) 18, பிஹெச் (அமில-கார அளவு) 8.3. “ஆப்பிரிக்கன் மீனுக்குக் கடினத் தண்ணீர்தான் வேணும், போர் தண்ணியே போதும்” என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். போதாததற்குக் கைப்பிடி கல் உப்பும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இது பாதி உண்மைதான். மலாவி ஏரியின் ஜிஹெச் 4 முதல் 6 டிகிரி, கேஹெச் 6 முதல் 8, பிஹெச் 7.7 முதல் 8.6 வரை. கரைந்த உப்பைக் கணக்கிட்டால் அந்த ஏரித் தண்ணீர் நம் காவிரித் தண்ணீருக்குத்தான் பக்கத்தில் வரும், போர் தண்ணீருக்கு அல்ல. மேட்டூரிலிருந்து வரும் கார்ப்பரேஷன் தண்ணீரை அதே வீட்டில் பிடித்து அளந்தால் டிடிஎஸ் 300, ஜிஹெச் 8, கேஹெச் 7. மலாவி மீனுக்கு இதை அப்படியே ஊற்றலாம், குளோரினை மட்டும் எடுத்துவிட வேண்டும். சிக்லிட்களுக்குப் பேர்போன மூன்று ஆப்பிரிக்க ஏரிகளான மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியாவில் உப்பும் காரமும் மிகுந்தது டாங்கனிக்கா. கரைந்த உப்பில் இந்தப் போர் தண்ணீர் அதையும் தாண்டி நிற்கிறது.

கல் உப்பு கடினத்தைக் கூட்டாது. கடினம் என்பது கால்சியமும் மெக்னீசியமும், கல் உப்போ சோடியம் குளோரைடு. அதனால் செடிக்குத் தீங்கு உண்டு, மீனுக்கு ஒரு லாபமும் இல்லை.

இன்னொரு சந்தேகம் தொட்டிக்குள் அடுக்கிய வெள்ளைக் கற்கள் மேல் விழுந்தது. சேலத்தில் வெள்ளைக்கல் என்றாலே மேக்னசைட் நினைவுக்கு வரும். சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் தோண்டி எடுப்பது. வழக்கமான வினிகர் சோதனை இதற்குச் செல்லாது. சுண்ணாம்புக்கல்லில் வினிகர் சொட்டினால் நுரைக்கும், குளிர்ந்த வினிகரில் மேக்னசைட் சும்மா கிடக்கும். நுரைக்கவில்லையே, அப்படியானால் குவார்ட்ஸ் என்று முடிவு கட்டிவிடுவார்கள். கல்லின் கூர்முனையால் பழைய பாட்டில் ஒன்றைக் கீறிப் பார்த்தால் போதும். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், மேக்னசைட் கீறாது. இங்கே இருந்தது இரண்டும் கலந்த குவியல். ஆனால் பிஹெச் 8-க்கு மேலுள்ள தண்ணீரில் மேக்னசைட் மிக மிக மெதுவாகவே கரையும். ஜிஹெச் 32-க்குக் காரணம் கல் அல்ல, குழாயில் வரும் போர் தண்ணீர்.

இந்தத் தண்ணீரில் செடிக்கு என்ன குறை? முதலாவது கரியமில வாயு. கேஹெச் 18, பிஹெச் 8.3 என்றால் கரைந்திருக்கும் கரியமில வாயு லிட்டருக்கு 3 மில்லிகிராம்கூட வராது. பைகார்பனேட்டை உடைத்துக் கார்பன் எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடிகளுக்கு இதில் கவலையில்லை. வாலிஸ்னேரியா, ஹார்ன்வொர்ட், நம் ஊர்க் குளத்து ஹைட்ரில்லா எல்லாம் அந்த வகை. அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் தேவையே குறைவு. மற்றவை ஏங்கிச் சாகும். சிலிண்டர் வைத்து வாயு ஏற்றலாமா என்றால், இவ்வளவு கேஹெச்சில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் கொண்டுவர பிஹெச் 7.3-க்கு இறங்க வேண்டும். பகலில் 7.3, இரவில் 8.3 என்று தினமும் ஊஞ்சலாடும் தண்ணீர் இந்த மீனுக்கு எதற்கு?

இரண்டாம் தடவை வாலிஸ்னேரியா கரைந்ததற்கு விடை அலமாரியில் இருந்தது. “லிக்விட் கார்பன்” பாட்டில். தினமும் ஒரு மூடி ஊற்றியிருக்கிறார்கள். இந்த வகைப் பாட்டில்களில் இருப்பது குளுட்டரால்டிஹைடு என்னும் கிருமிநாசினி. பாசியைக் கொல்லும், கூடவே வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும். போர் தண்ணீருக்கு மாறிய அதிர்ச்சியில் இருந்த செடிக்கு அதையும் கொடுத்தால் எப்படி நிற்கும்?

ஓட்டை விழுந்த இலையைப் பார்க்கும் விதம்

அனுபியாஸ் இலை ஒன்றைக் கிள்ளி எடுத்து, டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். மீன் கடித்திருந்தால் வெட்டு பெரும்பாலும் ஓரத்தில்தான் தொடங்கும். பிறை வடிவில் இருக்கும். வெட்டின் விளிம்பு வரை இலை பச்சையாகவே இருக்கும். எம்புனாவின் பல் சிறு சீப்பு மாதிரி வரிசையானது என்பதால், கடித்துத் துண்டிக்காமல் சுரண்ட மட்டும் செய்த இடத்தில் மேல்தோல் போய், பக்கம் பக்கமாக வெளிறிய கீறல்கள் தெரியும். அந்தக் கீறல் பெரும்பாலும் பாசி பிடித்த இலையில்தான் இருக்கும். அதாவது மீன் தேடியது பாசியை.

பட்டினி ஓட்டை அப்படி இல்லை. இலையின் நடுப்பரப்பில், நரம்புகளுக்கு இடையே, குண்டூசித் தலை அளவில் மஞ்சள் புள்ளியாகத் தொடங்கும். பிறகு பழுப்பாகும், கடைசியில் நடு உதிர்ந்து ஓட்டையாகும். ஓட்டையைச் சுற்றி மஞ்சளோ பழுப்போ ஒரு வளையம் இருக்கும். பழைய இலையில் முதலில் வரும், புது இலை நன்றாக இருக்கும். பொட்டாசியம் பற்றாதபோது செடி பழைய இலையிலிருந்து அதை உருவிப் புது இலைக்குக் கொடுப்பதால் வரும் அடையாளம் இது. இந்தத் தொட்டியிலிருந்து எடுத்த 11 இலைகளில் 9 இப்படித்தான் இருந்தன. மீன் கடித்த அடையாளம் இரண்டில் மட்டும்.

இதற்கு நேர்மாறாக, புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புப் பற்றாக்குறை. அதுவும் இங்கே இருந்தது. ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து நோய் என்று நினைத்து ஆறு இலைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவை வித்துப் பைகள். வெட்டியிருக்கவே வேண்டாம்.

மீனைக் குற்றம் சொல்லும் இடம் ஒன்று உண்டென்றால் அது தோண்டுவது. ரெட் ஜீப்ரா ஆண், கல்லடியில் தனக்குப் பள்ளம் பறிக்க ஒரே இரவில் இரண்டு அங்குல மணலைத் தள்ளிவிடும். நட்ட செடியை அது தின்ன வேண்டியதே இல்லை, வேர் வெளியே வந்தாலே முடிந்தது. மலாவியின் இன்னொரு வகையான பீக்காக் சிக்லிட்கள் மணலைச் சலித்துப் பூச்சி தேடுமே தவிரச் செடியை அவ்வளவாகச் சீண்டாது. கடையில் “ஆப்பிரிக்கன்” என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு விற்பதால் இந்த வித்தியாசம் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. மேற்கு ஆப்பிரிக்க ஆற்று மீனான கிரிபென்சிஸ்கூட அந்தப் பெயரில்தான் வருகிறது. செடித் தொட்டிக்கு அது நல்ல மீன், ஆனால் அதற்கு வேண்டியது மென்னீர்.

நான்கு மீன் செத்த வாரம்

நர்சரியில் வாங்கிய, மெதுவாகக் கரையும் உர மணிகளை மணலில் ஓர் அங்குல ஆழத்தில் புதைத்திருந்தார்கள். சாதாரணச் செடித் தொட்டியில் பலரும் செய்வதுதான். ஆனால் தோண்டும் மீன் இருக்கும் தொட்டியில் புதைத்தது எதுவும் புதைந்தே இருக்காது. மூன்றாம் நாள் மணிகள் மணல் மேல் உருண்டுகொண்டிருந்தன. சிலவற்றை மீன் வாயில் எடுத்துத் துப்பியது. நான்காம் நாள் காலை மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்கின, செவுள் சிவந்திருந்தது. அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்).

இதே 2 பிபிஎம் பிஹெச் 7.4 தொட்டியில் இருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது. தண்ணீரில் அளக்கும் அமோனியாவில் நஞ்சான பங்கு பிஹெச்சையும் வெப்பத்தையும் பொறுத்தது. 29 டிகிரியில், பிஹெச் 7.4 என்றால் சுமார் 2 சதவீதம்தான் நஞ்சு வடிவில் இருக்கும். பிஹெச் 8.4 என்றால் சுமார் 16 சதவீதம், அதாவது எட்டு மடங்குக்கும் மேல். சிக்லிட் தொட்டியில் யூரியாவோ அமோனியமோ கலந்த எந்த உரமும் கூடாது என்பது இதனால்தான். 19:19:19, டிஏபி, கலப்பு உர மணி எல்லாம் இதில் அடங்கும்.

அன்று செய்ய வேண்டியிருந்தது: குளோரின் நீக்கிய காவிரித் தண்ணீரால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுவது, மணிகளைச் சைஃபன் குழாயால் ஒன்றுவிடாமல் உறிஞ்சி எடுப்பது, மூன்று நாள் இரையை நிறுத்துவது, காற்றுக் குமிழி விடும் கல் இன்னொன்றும் வைப்பது, மறுநாள் மீண்டும் பாதி மாற்றுவது. வீட்டார் ஊற்றியது குளோரின் எடுக்கும் ஹைப்போ. அது அமோனியாவை ஒன்றும் செய்யாது.

நான்காம் தடவை: தொட்டிக்கு வெளியே தொடங்கியது

முதலில் தண்ணீர். இரண்டு பங்கு காவிரி, ஒரு பங்கு போர். கலவையின் ஜிஹெச் 16, கேஹெச் 11-க்குக் கொஞ்சம் கீழே, டிடிஎஸ் 580 பக்கம். வாரம் 35 சதவீதம் என்று ஆறு வாரத்தில் மெல்ல மாற்றினார்கள். போரை முழுக்க நிறுத்தியிருக்கலாம், ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் மாற்ற வேறு தண்ணீர் இல்லை என்பதால் கலவையே நிலையானது.

அந்த ஆறு வாரமும் வாலிஸ்னேரியா தொட்டிக்குள் போகவில்லை. மாடியில் நிழல் வலைக்குக் கீழே 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் இருந்தது. மீன்தொட்டியில் மாற்றி எடுக்கும் அழுக்குத் தண்ணீரையே வாராவாரம் அதில் ஊற்றினார்கள். உரமும் அதுதான், தண்ணீருக்குப் பழக்குவதும் அதுதான். கொசு வைக்காமல் இருக்க மூன்று கப்பி மீன். முதல் பத்து நாளில் பழைய இலை கரைந்தது, அது வழக்கம். அடிக்குருத்து கெட்டியாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு 4 அங்குல மண் சட்டிகள் ஏழு. அடி ஓட்டையைக் கூழாங்கல்லால் அடைத்து, கழுவிய ஆற்று மணலை முக்கால் சட்டி போட்டு, சட்டிக்கு மூன்று செடி. இலையை 15 சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டு நட வேண்டும். வேர் மட்டும்தான் மணலுக்குள் போகலாம், குருத்து புதைந்தால் அழுகும். மேலே எலுமிச்சை அளவு கூழாங்கற்களைச் செடியைச் சுற்றி நெருக்கமாக அடுக்க வேண்டும். சிறு கல் வைத்தால் ரெட் ஜீப்ரா வாயில் கவ்வி எடுத்துவிடும். ஏழு சட்டியும் பின்கண்ணாடியை ஒட்டி வரிசையாக, மணலில் பாதி புதைந்தாற்போல். பெரிய பாறைகளை மணல் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடி மேல் நேராக உட்கார வைத்தார்கள். மீன் அடியில் பறித்தால் மணல் மேலிருக்கும் பாறை சரியும், சரிந்தால் கண்ணாடி போகும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மணலுக்குப் போகவே கூடாது. கிழங்கு போன்ற தண்டு புதைந்தால் அழுகிவிடும், கல்லில்தான் பிடிக்க வேண்டும். முன்பு கட்டியது பருத்தி நூல். தறி ஓடும் ஊரில் நூலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பருத்தி தண்ணீரில் ஒரு மாதத்துக்குள் இற்றுவிடும்; அனுபியாஸ் வேர் கல்லைப் பிடிக்க அதைவிட நாளாகும். பாலியெஸ்டர் தையல் நூலோ தூண்டில் நரம்போ சரி. ஜரிகை இழை கலந்த நூல் வேண்டாம், அதில் செம்பு இருக்கும். இந்தத் தொட்டியில் கடைசியாகக் கைகொடுத்தது ஃபெவிக்விக் வகைப் பசைதான். கல்லைத் துடைத்து உலர்த்தி இரண்டு சொட்டு, தண்டின் அடியை அழுத்தி அரை நிமிடம், உடனே தண்ணீருக்குள். நீரில் வெள்ளையாக உறையும், தீங்கில்லை. வேர் நுனியில் படாமல் இருந்தால் போதும்.

வெளிச்சத்தை 10 மணியிலிருந்து 7 மணி நேரமாகக் குறைத்தார்கள். மெதுவாக வளரும் இலையில் நீண்ட வெளிச்சம் பாசியைத்தான் வளர்க்கும். அனுபியாஸ் இலை விளிம்பில் கருந்தாடிப் பாசி இருந்தது. செடியைக் கல்லோடு வெளியே எடுத்து, மருந்துக்கடை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் பாசி மேல் மட்டும் தடவி, மூன்று நிமிடம் விட்டு, கழுவி வைத்தார்கள். பாசி சிவந்து சாகும், செத்ததை மீனே தின்றுவிடும்.

உரம் இரண்டே இரண்டு, இரண்டும் உரக்கடைச் சரக்கு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மீன் கழிவிலேயே அளவுக்கு மிஞ்சி இருக்கின்றன, சேர்க்க வேண்டாம். பொட்டாசியத்துக்கு, நீரில் கரையும் வெள்ளை சல்பேட் ஆஃப் பொட்டாஷ், பையில் 0:0:50 என்று போட்டிருக்கும். இந்த 210 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் பொட்டாசியம் 10 பிபிஎம் கூடும். தண்ணீர் மாற்றும் நாளில் வாரம் ஒரு தரம். 13:0:45-ஐக் கொடுத்து “இதுவும் பொட்டாஷ்தான்” என்பார்கள். அதில் நைட்ரேட்டும் வரும் என்பதால் தேவையில்லை.

இரும்பில்தான் பலர் ஏமாறுவது. கடையில் எளிதாகக் கிடைப்பது இடிடிஏ (EDTA) என்னும் பொருளோடு பிணைத்த இரும்பு. பிஹெச் 7-ஐத் தாண்டினால் அந்தப் பிணைப்பு நிற்காது, இரும்பு துருவாகிப் படிந்துவிடும். 8-க்கு மேலும் தாங்குவது இடிடிஹெச்ஏ (EDDHA) பிணைப்பு, 6 சதவீதம் என்று எழுதிய செம்பழுப்புத் தூள். 0.35 கிராம் போட்டால் இந்தத் தொட்டியில் 0.1 பிபிஎம் கூடும். அவ்வளவு சின்ன எடையை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது. 10 கிராமை அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு வாரம் 17 மில்லி ஊற்றுவது சுலபம். தண்ணீர் லேசாகச் சிவக்கும். அழுக்கு என்று பதற வேண்டாம், இரண்டு நாளில் தெளியும்.

ஓட்டை விழுந்த பழைய இலை இனி ஆறாது. மருந்து வேலை செய்ததா என்று அடுத்து வரும் இலையில்தான் தெரியும். அனுபியாஸ் மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் இலைதான் விடும், ஆகவே இரண்டு மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மீனின் பசியையும் கவனிக்க வேண்டும். காய்ந்த டுபிஃபெக்ஸ் புழுவை நிறுத்தி, ஸ்பைருலினா பாசி கலந்த குறுணையை இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு இருவேளை கொடுத்தார்கள். புழுவும் மாட்டிறைச்சியும் எம்புனாவின் நீண்ட குடலுக்கு ஒத்துவராது, வயிறு வீங்கும் நோய்க்கு அழைப்பு வைக்கும். வாரம் இரண்டு நாள் வெந்நீரில் முக்கிய பாலக்கீரையைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

சித்திரை வெயிலும் ஏற்காட்டுக் குளிரும்

கோடையில் தொட்டி 31 டிகிரியைத் தொட்டது. சின்ன விசிறி வைத்ததில் 28-க்கு இறங்கியது, ஆனால் தினமும் 3 லிட்டர் ஆவியாயிற்று. அதைப் போர் தண்ணீரால் நிரப்புவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். 1,150 டிடிஎஸ் தண்ணீரில் தினம் 3 லிட்டர் என்றால் நாளுக்கு மூன்றரை கிராம் உப்பு, இரண்டு மாதத்தில் 200 கிராமுக்கு மேல். ஆவியானதை ஆர்.ஓ. தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும்.

இதே செடிகளை ஏற்காட்டில் 3 அடித் தொட்டியில் வைத்தபோது வந்த தொல்லை நேர் எதிர். 1,500 மீட்டர் உயரத்தில் அங்கே கிடைத்த ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, கேஹெச் 2. ஃபில்டர் பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது கேஹெச்சைத் தின்னும். இரண்டே மாதத்தில் பிஹெச் 6.4-க்கு விழுந்து மீன்கள் சோர்ந்தன, செடி மட்டும் செழித்தது. 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி கேஹெச் தரும். நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் 7 டிகிரி வரை கொண்டுபோய், ஃபில்டருக்குள் ஒரு பை பவளத்தூளும் வைத்தார்கள். மார்கழி இரவுக்கு ஹீட்டர் அங்கே கட்டாயம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீரில் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். காற்றுக் கல்லை இரவில் நிறுத்தக் கூடாது.

அம்மாப்பேட்டைத் தொட்டியில் நைட்ரேட் 80 பிபிஎம்மிலிருந்து இறங்கியதற்குப் பெரிய காரணம் தொட்டிக்குள் இருக்கும் செடி எதுவுமல்ல, மேலே வைத்த மணி பிளான்ட். வேர் தண்ணீரில், இலை வெளிக்காற்றில். கரியமில வாயு காற்றிலிருந்தே கிடைப்பதால் தண்ணீரில் அதன் பஞ்சம் இதற்கு இல்லை. வேரை அப்படியே விட்டால் எம்புனா மீசை மழித்த மாதிரி வழித்துவிடும் என்பதால், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டம்ளரில் வைத்து விளிம்பில் மாட்டினார்கள். வெட்டிய தண்டின் சாற்றை நன்றாகக் கழுவிய பிறகே வைக்க வேண்டும். எட்டுக் கொடிகள், நான்கு மாதத்தில் நைட்ரேட் 30.

ஐந்தாம் மாதம் வாலிஸ்னேரியா நீர்மட்டத்தைத் தொட்டு மடிந்து ஓடுகிறது. சட்டி விளிம்பைத் தாண்டி வந்த கொடிகள் மணலில் வேரூன்றும், மீன் பிடுங்கும், மறுபடி ஊன்றும். அனுபியாஸில் ஓட்டையில்லாத புது இலை செடிக்கு நான்கு. ஒரு ஹார்ன்வொர்ட் கட்டு இரண்டு நாளில் காலியானது, அதை இனி தீனியாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள். இடப்பக்க மூலையில் வைத்த கடைசிச் சட்டியைப் பெரிய ரெட் ஜீப்ரா ஆண் மூன்று முறை கவிழ்த்துவிட்டது. நான்காம் முறை சட்டியை எடுத்துவிட்டார்கள். அந்த மூலையில் இப்போது மணலும் ஒரு பள்ளமும்தான்.